வழக்கு வளர்த்த காடு

அளவெட்டியில் காடு கிடையாது. புகையிலைத் தோட்டம் உண்டு, வெங்காயத் தோட்டம் உண்டு, விடியமுன்னம் தவில் அடித்துப் பழகும் வீடுகளும் உண்டு. காடு என்று சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான், மூன்று பரப்பு, கால் ஏக்கர்கூட வராது. அதை யாரும் நட்டு வளர்க்கவில்லை, வழக்குத்தான் வளர்த்தது. சட்டத் தொழில் பார்த்த ஒரு பிரக்கிராசியாரிடம் கிளாக்கராக இருந்து அந்த வழக்கைப் பல வருடம் தூக்கித் திரிந்தவன் நான். ஆகவே அந்தக் காட்டில் எனக்கும் ஒரு பங்கு உண்டென்று நினைத்துக்கொள்கிறேன். ஊரில் வேறு எவனும் அப்படி நினைப்பதாகத் தெரியவில்லை.

வழக்காளி சோமசேகரம், எங்கள் கட்சிக்காரர். எதிராளி அவருடைய சொந்தத் தங்கை சிவக்கொழுந்தக்கா. இருவர் வளவுக்கும் நடுவில் கிடந்தது அந்தக் காணி. தகப்பனார் மகளுக்குச் சீதனம் கொடுத்தபோது அதை உன்ரை என்றாராம். பிறகு மகன் முகம் வாடியதைப் பார்த்து அவனிடமும் உன்ரை என்றாராம். இருவரையும் சந்தோசப்படுத்திவிட்டு 1958இல் நிம்மதியாகக் கண்ணை மூடிவிட்டார். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வரும்.

தீர்ப்பு வரும்வரை இருவருமே உள்ளே கால் வைக்கக்கூடாது என்று கட்டளை வந்தது. ஓலை வெட்டக்கூடாது, விறகு பொறுக்கக்கூடாது, விழுந்த பனம்பழத்தைக்கூடத் தொடக்கூடாது. யாழ்ப்பாணத்தில் பனம்பழத்தைக் கிடந்தபடி கிடக்கவிட்டவர்கள் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். அவை முளைத்து இளம்பனை வடலிகளாயின. வேம்பும் விளாத்தியும் நாயுண்ணிப் பற்றையும் சேர்ந்துகொண்டன. கீரி வந்தது, உடும்பு வந்தது, செண்பகப் பறவை கூடு கட்டியது. கட்டளை மீறினால் மறியலில் கம்பி எண்ணவேண்டும் என்பது அவற்றுக்குத் தெரியாது.

சிவக்கொழுந்தக்கா வேலி இடுக்கில் கண்ணை வைத்தபடி காவல் இருந்தாள். அண்ணன் உள்ளே வந்து ஒரு சுள்ளி ஒடித்தாலும் கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும். புருசன் செத்த வீட்டில் சமைத்து முடிந்தால் அவளுக்கு வேறு வேலையும் இல்லை. அந்தப் பக்க வேலியில் சோமசேகரமும் அதே வேலையாக நின்றார். இருவரும் எதிர்பார்த்த கள்ளன் வரவில்லை. வந்து போனதெல்லாம் குருவியும் கீரியும்தான். வேறு பார்க்க ஒன்றுமில்லாததால் அவற்றைப் பார்த்தார்கள். எந்தக் கீரி எந்தப் பொந்தில் குட்டி போட்டது என்பது இரு வீட்டிலும் தெரியும்.

ஒருநாள் அண்ணன் உள்ளே போனார் என்று அவள் முறையிட, இது நீதிமன்றம் வரை போனது. அண்ணன் உள்ளே போனதற்கு என்ன அத்தாட்சி என்று நீதவான் கேட்டார். சிவக்கொழுந்தக்கா கூண்டில் நின்று, "செண்பகம் குரலை மாத்திக் கத்தினது ஐயா" என்றாள்.

எங்களுக்காக வாதாடிய அப்புக்காத்தர் சிரிக்க வாய் திறப்பதற்குள் சோமசேகரம் எழும்பிவிட்டார். "அது கீரியைக் கண்டு கத்தினது ஐயா. என்னைக் கண்டதெண்டால் கத்தாது, பறந்திருக்கும்."

நீதவான் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வழக்கை வேறு நாளுக்குத் தவணை போட்டார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வருவது நின்றுபோக, ஊரே நிலத்துக்குப் பேயாய் அலைந்தது. வேலியோர மரங்களைக்கூடத் தறித்து மிளகாய் நட்டார்கள். அந்தக் காலம் பார்த்து, மரமும் காட்டுயிரும் வைத்திருக்கும் காணிக்காரருக்கு உதவி செய்வதென்று ஒரு அரசாங்கக் கந்தோர் கனிசியஸ் என்ற குருநகர் இளைஞனை அனுப்பியது. ஆலோசனை இலவசம், மரக்கன்றுகளும் இலவசம். போன இடமெல்லாம் உரம் தருவீர்களா என்று கேட்டார்களாம். கடைசியில் எங்கள் காட்டு வாசலில் வந்து நின்று அந்தப் பெடியன் கண்கலங்கியது உண்மை. இதைப் பராமரித்த காணிக்காரர் யார் என்று கேட்டான். தான்தான் என்றார் சோமசேகரம். ஒழுங்கையால் சுற்றி அடுத்த வீட்டுக்குப் போய்க் கேட்டான். தான்தான் என்றாள் சிவக்கொழுந்தக்கா.

இருவரையும் ஒரு இடத்தில் இருத்திக் கதைக்க அவன் பட்டபாட்டை நான் பார்த்தேன். முடியவில்லை. ஆகவே ஒரு வேலியடியில் கதிரை போட்டு எல்லாம் சொன்னான். பிறகு மறுவேலியடிக்குப் போய் அதையே சொன்னான். சருகை எரிக்காதேங்கோ. பட்டுப்போன பனையைத் தறிக்காதேங்கோ, கிளி பொந்து வைக்கும். கோடையில் சட்டியில் தண்ணீர் வையுங்கோ. இருவருக்கும் அது இரண்டு தரமும் கேட்டது. இருவரும் ஒரு தரம் கேட்ட பாவனையில் இருந்தார்கள். கன்று கொடுக்க ஒரு சொந்தக்காரர் வேண்டுமே, இங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள் அல்லது ஒருவரும் இல்லை என்று சொல்லிவிட்டு அவன் கன்றுகளோடு திரும்பிப் போனான்.

அந்தக் கோடையில் கிணற்றின் அடி தெரிந்தது. ஒரு மத்தியானம் சிவக்கொழுந்தக்கா வேலி ஓலையைப் பிரித்துப் பொட்டு வைத்து, தண்ணீர்ச் சட்டியோடு உள்ளே நுழைந்தாள். வடலிக்கு அப்பால் அண்ணன் வாளியோடு குந்தியிருந்தார். இருவரும் கட்டளையை மீறியவர்கள். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொடுக்கவும் வழியில்லை.

"உள்ளுக்கை வரக்கூடாதெண்டு கோட்டிலை நீதவான் சொன்னது தெரியாதோ?" என்றார் அவர்.

"உங்களுக்கும்தான் சொன்னது, அண்ணை."

அவர் தன் வாளியை நிழலுக்குள் நகர்த்தினார். "சட்டியை வெயிலிலை வைக்காதை. தண்ணி கொதிச்சுப்போம்."

பதினைந்து வருடத்துக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் கதைத்த கதை இவ்வளவுதான். ஆனால் அடுத்த நாளும் இருவரும் தண்ணீர் கொண்டுபோனார்கள்.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் வழக்கு விசர்பிடித்து ஆடுவதுதான். சிவக்கொழுந்தக்காவின் மகன் தம்பிஐயாவும் அண்ணனின் மகளைக் கட்டிய மார்க்கண்டுவும் ஒழுங்கான பிள்ளைகள். ஒன்றரைப் பரப்பாகப் பிரிப்போம், வெட்டித் துப்புரவாக்குவோம், மிளகாய் வைப்போம் என்று தங்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள். அதைக் கேட்டுத்தான் கிழடுகள் இரண்டும், வழக்கு முடியாதவரை காடு வெட்டுப்படாது என்று, காட்டுக்குள் இருந்து சண்டையைத் திட்டம் போட்டிருக்கின்றன. இணக்கம் பேசும் தவணையில் சோமசேகரம் எழும்பி, காலை நிழல் தங்கச்சி பக்கம் விழுகிறது, அந்த நிழலையும் பிரித்துத் தரவேண்டும் என்றார். அடுத்த இணக்கத்தில் சிவக்கொழுந்தக்கா, கீரி யாருக்கு என்று எழுதாவிட்டால் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றாள். எங்கள் பிரக்கிராசியார் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

ஆனால் பகை என்றால் பகையாகத்தான் நடக்கவேண்டும். நன்மை தின்மைக்குப் போகக்கூடாது. சோமசேகரத்தின் மகள் கலியாணத்து மேளம் காட்டைத் தாண்டிக் கேட்டது. மருமகளுக்குத் தாலி கட்டுவதைப் பார்க்காமல் சிவக்கொழுந்தக்கா அடுப்படியில் இருந்தாள். தம்பிஐயாவின் கலியாணத்துக்குத் தாய்மாமன் வரவில்லை. அந்தப் பந்தலில் அவளைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

1979இல் சோமசேகரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தார். செத்தவீட்டுக்குத் தங்கை போகவில்லை. போய்க் கட்டிப்பிடித்து அழுதால் பகை அந்தப் பறைச் சத்தத்தோடேயே முடிந்துவிடும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு தம்பிஐயாவும் மார்க்கண்டுவும் காட்டை வெட்டக் கத்தியைத் தீட்டுவார்கள். ஊர் அவளைக் காறித் துப்பியது. நானும் துப்பினேன்.

பிறகு ஒருநாள் அவள் என் வீட்டுக்கு வந்தாள். எதிராளி வழக்காளியின் கிளாக்கரைத் தேடி வருவது முறையில்லை. வழக்கு இனி என்னவாகும் என்று கேட்டாள். அண்ணன் பெண்சாதி இராசமலர் அவர் இடத்துக்கு வராவிட்டால் வழக்கு விழும், காணி முழுக்க உங்களுக்கு என்றேன். சந்தோசப்படுவாள் என்று பார்த்தேன். முகம் கறுத்துப்போயிற்று. முழுக்கத் தனக்கு வந்தால் மகனை மறிக்கத் தன்னால் ஏலாது என்று சொல்லி, எல்லாக் கதையையும் கொட்டினாள்.

இராசமலரக்கா வழக்கு வேண்டாம் என்று எங்களிடம் சொல்லிவிட்டிருந்தார். ஆளே போன பிறகு காணி என்னத்துக்கு என்றார். கடைசித் தரம் கேட்டுப் பார்ப்போம் என்று நான் அங்கே போய் இருந்த நேரம், சிவக்கொழுந்தக்கா படலையைத் திறந்துகொண்டு முற்றத்தில் வந்து நின்றாள். ஒழுங்கை முழுக்கத் தலைகள் முளைத்தன. இராசமலரக்கா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். பகை வீட்டில் ஒரு மிடறு குடித்தாலும் பகை போய்விடும். அவள் வாங்கவில்லை.

"மச்சாள், என்மேலை வழக்கை நடத்துங்கோ" என்றாள், மெதுவாக. "விட்டிடாதேங்கோ. விட்டால் எல்லாத்தையும் வெட்டிப்போடுவாங்கள்." பிறகு தண்ணீர்ச் சட்டி முதல் நிழல்வரை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள்.

இராசமலரக்கா கேட்டுக்கொண்டு நின்றார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அவர் அதுக்குள்ளை இருந்து என்ன கதைக்கிறவர்?"

"குருவியளைப் பற்றித்தான், மச்சாள். சிலவேளை உங்கடை புளிக்கஞ்சியைப் பற்றியும்."

இராசமலரக்கா செம்புத் தண்ணீரை அவள் காலடியில் ஊற்றினார். பிறகு ஒழுங்கைக்கு நன்றாகக் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "செத்தவீட்டுக்கு வராதவளுக்கு இஞ்சை என்ன வேலை? போ வெளியாலை. இனிக் கோட்டிலை காணுறன் உன்னை." சொல்லும்போது அவருடைய கை சிவக்கொழுந்தக்காவின் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. அதை ஒழுங்கையில் நின்றவர்கள் காணவில்லை.

சிவக்கொழுந்தக்கா படலையைத் தாண்டியதும் வாய்விட்டு அழத் தொடங்கினாள். "என்ரை அண்ணை, என்ரை அண்ணை" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு, தன் வீட்டுப் படலை வரைக்கும் செத்தவீட்டு அழுகையாக அழுதுகொண்டு போனாள். அவமானம் தாங்காமல் அழுகிறாள், நல்லாய் வேணும் என்று ஒழுங்கையில் நின்றவர்கள் சொன்னார்கள்.