தூரத்துக்கென்று வாங்கிய லென்ஸ்

ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்குத் தெருவில் வைத்த பெயர் கூலிங். ஆள் என்னவோ தொட்டால் சுடுகிற ரகம். ஆனால் வேலையில் அத்தனை பொறுமை. ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து இழுக்கும் முன், கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கும் பிள்ளைகளின் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். வேலை முடிந்ததும் எது எங்கே இருந்ததோ அங்கேயே ஒட்டுவார். அவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவு மொட்டையாக இருந்தது.

ஒரே மகள். அம்மாவோடு வேறு ஊரில் இருந்தாள். இரண்டு வருடங்களுக்கு முன் அவள் பள்ளி விளையாட்டு விழாவில், பிரிந்துபோன மனைவியைக் கண்டதும் கூலிங்குக்குத் தலைக்கேறிவிட்டது. மைதானமே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தித் தீர்த்தார். அன்று சாயங்காலம் மகள் போன் செய்தாள். "அப்பா, இனிமே என்னைப் பார்க்க வராதீங்க. அசிங்கமா இருக்கு." பதினொரு வயதுப் பிள்ளை. 

ஆனால் போகாமல் இருக்க அவரால் முடியவில்லை. அவள் ஓடுகிற போட்டிகளுக்கெல்லாம் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு போய், கேலரியின் கடைசிப் படியில் திருடன் மாதிரி உட்கார்ந்திருப்பார். போனில் படம் எடுத்தால் மகள் எறும்பளவு தெரிவாள். பெரிதாக்கினால் அந்த எறும்பும் கலைந்துபோகும்.

அதனால்தான் கேமரா கடைக்குப் போனார். கடைப் பெண் கெட்டிக்காரி.

"முதல் கேமராவா அண்ணே? அப்போ இந்த டிஎஸ்எல்ஆரே போதும். கனக்காது, பட்டனும் கம்மி. பழகறதுக்கு இந்தச் சின்ன லென்ஸ் போதும். தூரத்துக்கு இந்த நீட்டு லென்ஸ். ஆனா இதை மட்டும் வாங்காதீங்க, கை நீட்டித் தொடுற தூரத்துல இருக்கிறது இதுல தெளிவா வராது."

"பரவால்லம்மா. நீட்டு மட்டும் குடு."

"என்ன எடுக்கப் போறீங்க?"

"பறவை," என்றார் கூலிங், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அடுத்த போட்டியன்று கேமராவைக் கண்ணில் வைத்தார். மகள் முகம் முழுசாகத் தெரிந்தது. பல்லுக்குக் கம்பி போட்டிருந்தாள். எப்போது போட்டார்கள்? வலித்திருக்குமே, யாரைப் பிடித்துக்கொண்டு அழுதாளோ? கேமராவை அவள் பின்னாலேயே திருப்பித் திருப்பி பட்டனை அழுத்தித் தள்ளினார். அவள் ஓடி மூன்றாவதாக வந்தாள். எடுத்த படம் ஒன்றாவது தேறவேண்டுமே. அத்தனையும் ஆடிப்போயிருந்தன.

தலை குனிந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "அப்பா" என்று குரல் கேட்டது.

வியர்வை வழிய நின்றாள். அவர் வாயைத் திறக்கும் முன், பக்கத்தில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள்.

"எப்பவும் இங்கதானே உக்காருவீங்க. தொப்பி வெச்சா தெரியாதாக்கும்? கேமராவா? என்னை எடுங்கப்பா."

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்த ஒரு படமாவது உருப்படியாக வரவேண்டும் என்று கேமராவைத் தூக்கினார். லென்ஸ் முன்னும் பின்னும் நகர்ந்து முனகியது. மகள் முகம் வெறும் மங்கலாக நின்றது.

"கொஞ்சம் தள்ளிப் போம்மா."

நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

எழுந்து கீழ்ப்படிக்கு இறங்கினாள். "போதுமாப்பா?"

"இன்னும்மா. இன்னும்."

நாலு படி கீழே போய் நின்றவள், கம்பி தெரியாமல் உதட்டை மூடிக்கொண்டு சிரித்தாள். படம் பளிச்சென்று விழுந்தது. அதற்குள் அவள் அம்மா வாசலிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், பஸ் கிளம்புகிறது என்று. மகள் ஒரு நொடி மேலே பார்த்தாள். ஏறி வர ஒரு கால் எடுத்தாள். பிறகு அங்கிருந்தே கையை ஆட்டிவிட்டு ஓடினாள்.

கூலிங் சந்தோஷமாகத்தான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தானாக வந்து ஒட்டி உட்கார்ந்த பிள்ளையை ஒருமுறைகூடத் தொடாமல், தன் வாயாலேயே தள்ளித் தள்ளி அனுப்பியிருக்கிறோம் என்பது, பஸ் திரும்பி மறைந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.