காலியாக விடப்பட்ட மூன்று வாரங்கள்

மங்கையர்க்கரசி டீச்சர் இறந்த செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. காலாண்டு விடுமுறையின் மூன்றாம் நாள் காலை. எங்கள் பள்ளி ஆசிரியர் குழுவில், சத்துணவுப் பதிவேடு பற்றிய நினைவூட்டலுக்குக் கீழே, நமது ஆங்கில ஆசிரியை திருவிடைமருதூரில் தம் இல்லத்தில் மாரடைப்பால் காலமானார் என்று இருந்தது. அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நானும் ஒன்று போட்டேன்.

மதியம் அதே குழுவில் தலைமையாசிரியர் எழுதினார். ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கான இரண்டாம் பருவ ஆங்கிலப் பாடத்திட்டத்தை நான் தயாரித்து, பள்ளி திறக்கும் நாளில் தர வேண்டும். எல்லா வாரங்களும் நிரப்பப்பட்டிருக்க வேண்டும். டீச்சரின் உடலை அப்போது இன்னும் எடுக்கவில்லை. நான் ஆங்கிலத்தில் எம்.ஏ. என்பது ஒன்பது வருஷம் கழித்து அன்றுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

'எல்லா வாரங்களும்' என்று அவர் ஏன் எழுதினார் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. இந்த ஆசிரியர் சங்க இதழ் அவர் மேஜைக்கும் போகும். படிக்கட்டும்.

ஒன்பது வருஷத்துக்கு முன் திருவையாற்றுப் பக்கமிருந்து இந்தக் கடைமடைப் பள்ளிக்கு என்னைத் தூக்கிப் போட்டார்கள். யார் சிபாரிசில் என் இடம் யாருக்குப் போயிற்று என்பதை நான் மறக்கவில்லை. வந்து பார்த்தால் ஆங்கிலம் மங்கையர்க்கரசி டீச்சரிடம் இருந்தது. எனக்குச் சமூக அறிவியல் கொடுத்தார்கள். எம்.ஏ. படிக்காத ஒருவர் ஆங்கிலம் நடத்த, நான் பக்கத்து அறையில் பாபரின் படையெடுப்பை நடத்தினேன். அந்தக் கோபத்தோடுதான் ஒருநாள் அவர் மேஜையில் கிடந்த நீள நோட்டைப் புரட்டினேன். இரண்டாம் பருவத்துக்கு வாரவாரியாகக் கட்டம் போட்டு எழுதியிருந்தார். நடுவில் மூன்று வாரங்கள் வெள்ளையாக இருந்தன.

"என்ன டீச்சர், தீபாவளிக்கு மூணு வாரம் லீவு விட்டுட்டீங்களா?" என்றேன்.

அவர் திருத்திக்கொண்டிருந்த தாளிலிருந்து நிமிரவில்லை. "தண்ணி வரும் சார், நடவு வரும். பாதிப் பிள்ளைங்க வராது. வராத பிள்ளைக்கு என்னத்தப் புதுசா நடத்துறது?"

"அப்ப வர்ற பிள்ளைங்க?"

"அதுங்கதான் அந்த மூணு வாரமும் டீச்சர்."

எங்கள் ஊர் நிலம் தாழ்வு. நடவு இயந்திரம் சேற்றில் இறங்கிவிடும் என்பதால் இன்னும் கை நடவுதான். பொழுது விடியுமுன் பெண்கள் கூட்டமாகக் கிளம்பிவிடுவார்கள். இங்கே முடிந்ததும் அடுத்த ஊர். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள, வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோக, வீட்டுக்கு ஒரு பிள்ளை நின்றுவிடும். டீச்சர் அந்த வாரங்களுக்கு முன்னாலேயே பெரிய கதைப் பாடத்தை முடித்துவிடுவார், அல்லது பின்னால் தள்ளிவைப்பார். அந்த மூன்று வாரமும் வருகிற ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் எதிரே, வராத ஒரு பிள்ளையின் பெயர் இருக்கும். வருகிற பிள்ளை தினமும் அதற்காக ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும்: வகுப்பில் என்ன நடந்தது, யார் அடி வாங்கினார்கள், யார் சட்டை கிழிந்தது. நடவு முடிந்து திரும்புகிற பிள்ளையிடம் அதை வாசித்துக் காட்ட வேண்டும். அந்தச் சிரிப்புச் சத்தத்தில் பக்கத்து அறையில் என்னால் பாபரைக் காப்பாற்ற முடிந்ததில்லை.

அவரும் தவறு செய்திருக்கிறார். மறைக்க மாட்டேன். நான் வந்த மறுவருஷம் முறை வைத்துத் தண்ணீர் விடுவதாகப் பேப்பரில் வந்த அறிவிப்பை நம்பி வாரங்களைக் குறித்துவிட்டார். தண்ணீர் மேல் ஊர்களிலேயே நின்றுவிட்டது. காலியாக விட்ட வாரங்களில் எல்லாப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்திருந்தன. கதைப் பாடம் நடந்த வாரங்களில்தான் நடவு வந்தது. சத்யா என்று ஒரு பெண். நடவு முடிந்து திரும்பி வந்தவள், பாடம் புரியாமல் நான்கு நாள் கடைசி பெஞ்சில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் நாள் வரவில்லை.

"என் தப்பு சார். பேப்பர நம்புனேன், மதகப் போய்ப் பாக்கல" என்றார் டீச்சர். சாயங்காலம் பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்குப் போய், கடைசி பஸ் நேரம்வரை பாடத்தை முதலிலிருந்து நடத்தினார். இரண்டு வாரம். சத்யா வந்துவிட்டாள்.

அதன் பிறகு அவர் பேப்பரை நம்பியதில்லை. மதகு திறந்து மூடுகிற பொதுப்பணித்துறை லஸ்கர் கலியமூர்த்தியின் எண்ணை வாங்கிவைத்துக்கொண்டார். பருவத் திட்டம் முழுவதும் முதலில் பென்சிலில் இருக்கும். எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது என்று லஸ்கர் சொன்ன பிறகுதான் அதன்மேல் பேனாவால் எழுதுவார்.

மூன்று வருஷத்துக்கு முன் ஆய்வுக்கு வந்த அதிகாரி அந்த நோட்டைப் பார்த்து, இது ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று கேட்டார். டீச்சர் சொன்ன காரணம் அவர் கையிலிருந்த படிவத்தில் இல்லை. தலைமையாசிரியர், தாம் பலமுறை எச்சரித்தும் இந்த அம்மா கேட்பதில்லை என்றார். பொய். அந்த நோட்டில் வாராவாரம் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். எனக்கு அது தெரியும். அடுத்த நாற்காலியில்தான் இருந்தேன். என் இடமாறுதல் மனு அவர் சிபாரிசுக்காகக் காத்திருந்தது. நான் வாய் திறக்கவில்லை. மாறுதலும் வரவில்லை.

டீச்சருக்கு மெமோ வந்தது. "நீங்க ஏன் சார் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்க? மெமோ எனக்குத்தான வந்துருக்கு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அதற்கு அவர் எழுதிய விளக்கம் ஒரே வரி: 'அந்த வாரங்களில் புதுப் பாடம் நடத்தினால், வராத பிள்ளைகளுக்கு என்ன வழி என்று எழுதவும் படிவத்தில் ஒரு கட்டம் தர வேண்டுகிறேன்.' அடுத்த பருவமும் மூன்று வாரங்கள் வெள்ளையாகவே இருந்தன.

இனி, அவர் இறந்த அன்றைக்கு. திருவிடைமருதூர் வீட்டு வாசலில் தலைமையாசிரியர் மாலையோடு வந்தார். டீச்சரின் கணவரிடம், அம்மா துறையின் வழிமுறையை ஒருநாளும் மீறியதில்லை, படிவம் என்றால் படிவம்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். செத்த பிறகு அவரைத் தம்மைப் போல ஆக்கப் பார்த்தார்.

"இல்ல சார். ஒரு நாளும் அவங்க உங்க படிவத்துக்குக் கட்டுப்படல. கட்டுப்பட்டது நீங்களும் நானும்தான்" என்றேன்.

சாவு வீட்டில் பேசுகிற பேச்சா என்று ஒருவர் என் தோளைப் பிடித்தார். டீச்சரின் கணவர் உள்ளே போய், அந்த நீள நோட்டை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். முந்தின நாள் சாயங்காலம்கூட டீச்சர் அதில் எழுதிக்கொண்டிருந்தாராம்.

நாளை பள்ளி திறக்கிறது. புதிய படிவத்தை நிரப்பிவிட்டேன். நோட்டில் உள்ளது உள்ளபடி, அவர் பென்சிலில் குறித்த நான்கு, ஐந்து, ஆறாம் வாரங்கள் என் படிவத்திலும் வெள்ளையாகவே இருக்கின்றன. கீழே கையெழுத்து என்னுடையது. மெமோ வரட்டும். அந்த விளக்க வரியின் நகல் என்னிடம் இருக்கிறது.

ஒன்றுதான் பாக்கியிருந்தது. இன்று காலை நோட்டின் பின்னட்டையில் எழுதியிருந்த லஸ்கரின் எண்ணுக்குப் பேசினேன். பள்ளிக்கூடத்திலிருந்து என்றதும் அவரே தொடங்கிவிட்டார்.

"டீச்சரம்மா போன் இன்னும் வரலியேன்னு பாத்தேன் சார். இன்னும் பன்னெண்டு நாள்ல நம்ம வாய்க்காலுக்கு வந்துரும். உழுது பரம்படிச்சு நட ஒரு வாரம் வச்சுக்குங்க. அவங்ககிட்ட சொல்லிருங்க."

சொல்லிவிடுகிறேன் என்றேன்.

தண்ணீர் பன்னிரண்டு நாளில் வருகிறது, டீச்சர். நீங்கள் குறித்த நான்காம் வாரம் சரிதான். நோட்டில் பென்சிலின்மேல் பேனாவால் எழுதிவிட்டேன்.