பேச்சியக்கா கட்டின கிளி

மருமகள் சந்தையிலிருந்து மரவள்ளிக் கிழங்கை இலையோடு கொண்டுவந்து போட, காம்பு ஒடிந்த அந்தப் பச்சை வாடை என்னை நாரணாபுரத்து நந்தவனத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. இப்போது அங்கே பட்டாசு அடுக்கிவைக்கிற கிட்டங்கி நிற்கிறது.

அந்த நந்தவனத்துக் கிணற்றடியில்தான் பேச்சியக்கா அம்மன் கையில் வைக்க இலைக்கிளி கட்டுவாள். மரவள்ளி இலையை மடித்து உடம்பு, நந்தியாவட்டை இலையில் றெக்கை, மாதுளை மொட்டில் மூக்கு என்று வைத்து, நனைத்த வாழைநாரால் கட்டி நிறுத்தினால் அது பறந்துவிடும் போலவே இருக்கும். அப்போது எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் நல்ல வேலை எதுவென்று அந்த வயசிலேயே தெரியும். எங்கம்மாவும் அக்கா வீட்டுக்காரரும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்ததால், அம்மா வரும்வரைக்கும் நான் அங்கனதான் கிடப்பேன்.

ஒருநாள் வெடித்தது. கிணற்றுத் தண்ணியே நடுங்க, கம்பெனிப் பக்கம் புகை எழும்பியது. நான் அந்தப் பக்கமே பார்த்தேன்.

"அங்கிட்டுப் பாக்காதட்டி. இந்த மூக்கைப் பிடி. கை ஆடுனா கிளிக்கு மூக்கு கோணிரும், அம்மன் உன்னையத்தான் வைவா" என்றாள் அக்கா.

அவள் கை ஆடவே இல்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு அழாமல் இருந்தேன்.

ரொம்ப நேரம் கழித்து ரோட்டில் ஆட்கள் நடந்துவந்தார்கள். அதில் எங்கம்மாவும் இருந்தாள். ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். அக்கா வீட்டுக்காரரைக் காணோம். ரோட்டைப் பார்த்தபடியே அவள் கிளிக்கு நார் சுற்றிக்கொண்டிருந்தாள். மூக்கும் றெக்கையும் மூடிப்போய், துளிப் பச்சைகூடத் தெரியாத பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தாள்.