ஒரே உடம்பு, ஏழு பிரபுக்கள்

அந்தச் செதுக்குக்காரர் ஒரே செப்புத் தகட்டில் நூறு பிரபுக்களின் படத்தை வெட்டியவர். சரி, நூறு என்பது என் வாய்க்கொழுப்பு. ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு ஒன்றுதான். பட்டு அங்கி, பதக்கம், வாள்பிடியில் ஊன்றிய கை எல்லாம் அப்படியே இருக்கும். ஒரு பிரபு மண்டையைப் போட்டால், தகட்டில் முகத்தை மட்டும் சுரண்டி, விழுந்த பள்ளத்தைப் பின்பக்கமிருந்து தட்டி மேடாக்கி, மகன் முகத்தை வெட்டுவார். மாளிகையில் அப்படியொரு சிக்கனம்.

இந்தத் தடவை தகடு முகத்தருகே வெங்காயச் சருகாக மெலிந்திருந்தது. அவர் கண்ணுக்கும் அதே கதிதான். தகடு ஓட்டையானால் அன்றோடு உளியைக் கீழே வைப்பதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மை பூசி, உள்ளங்கையால் துடைத்து, அச்சு உருளையைச் சுற்றுவது அவள் வேலை. அவள் தோள்பட்டையும் கெஞ்சிக்கொண்டிருந்தது.

“கொஞ்சம் அழுத்துங்களேன். மூக்குல ஒரு பொத்தல் விழுந்தா நாம தப்பிச்சோம்.”

“கை கேக்க மாட்டேங்குதுடி.”

“என் பேச்சைத்தான் கேக்கறதில்ல, உங்க பேச்சையுமா?”

தகடு கிழியாமல் பார்த்துப் பார்த்துச் சுரண்டியதில் பழைய கோடு முழுக்கப் போகவில்லை. முதல் அச்சை உரித்தபோது, புதுப் பிரபுவின் மழித்த உதட்டின்மேல் செத்துப்போன அப்பாவின் மீசை புகை போலத் தெரிந்தது. மனைவி முகத்தில் விளக்கேற்றிய மாதிரி வெளிச்சம்.

“இதைத் தூக்கி மூஞ்சியிலயே எறிவாங்க பாருங்க!”

அவருக்கும் அப்பாடா என்றிருந்தது. உளிகளைத் துடைத்து, துணியில் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் மாளிகைக்குப் போனார்.

பிரபுவின் அம்மா படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பிடித்தாள். இவருக்கு முழங்கால் கடுத்தது. திட்டுவதைச் சீக்கிரம் திட்டித் தொலைக்கக் கூடாதா?

“அவரோட மீசை!” என்று அவள் கண்ணைத் துடைத்தாள். “புள்ளைக்குள்ள அப்பா நிக்கிறாரே! இந்தக் கை வேற யாருக்குங்க வரும்? இவன் தம்பி சின்னவனையும் இதே தகட்டுல போட்டுடுங்க. மீசை மட்டும் அழியவே கூடாது.”

வீட்டுக்கு வந்தவர் நேராகத் தகட்டருகே போனார். உட்கார்ந்து துணி முடிச்சை அவிழ்த்தார். அதைப் பார்த்த மனைவியும் மைச்சட்டியை எடுத்துவைத்தாள். ஏழாவது முகம் தகட்டில் ஏறியது அப்படித்தான்.

நான் இந்தக் கதையைச் சொல்வதைப் பக்கத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த செதுக்குக்காரரின் மனைவி, தோளைத் தேய்த்தபடி திருத்தினாள்: “ஏழு எங்க? ஆளு நாலே பேருதான். அதுல ஒருத்தர் தாடி வச்சாரு, எடுத்தாரு, திரும்ப வச்சாரு. மிச்ச மூணு முகமும் அந்த மனுஷன் ஒருத்தரோடதுதான்.”