மூன்று வரிச் சீட்டு

எங்கள் சந்தில் ஒரு வீட்டில் கரண்ட் தீரப்போகிறது என்றால், செய்தி முதலில் பக்கத்து வீட்டுக்குத்தான் போய்ச் சேரும். மீட்டர் பெட்டிகள் எல்லாம் வாசல் சுவரில் இருக்கின்றன. கடையில் மீட்டர் எண்ணைச் சொல்லிக் காசு கட்டினால் இருபது இலக்க எண் அச்சடித்த ஒரு சீட்டு தருவார்கள். அந்த எண்ணை மீட்டரின் பொத்தான்களில் அடித்தால் கரண்ட் ஏறும். தீரும் தறுவாயில் பெட்டி கீச் கீச்சென்று கத்த ஆரம்பிக்கும். அந்த வீட்டில் கை காய்ந்துவிட்டது என்று சந்து முழுக்கத் தெரிந்துவிடும். சின்னப் பிள்ளைகள்கூட அந்தச் சத்தத்துக்குத் தாளம் போட்டுக்கொண்டு போவார்கள்.

இபு ருமியாத்தி வீட்டு மீட்டர் கத்தி மட்டும் யாரும் கேட்டதில்லை. மூத்த பெண்களை இங்கே மரியாதையாக இபு என்போம், ஆண்களை பாக். சத்தம் வரும் துளைகளின் மேல் பஞ்சை வைத்து, பஞ்சின் மேல் மருந்துக்கடை பிளாஸ்டரைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தார்.

நான் அவர் வீட்டின் பின்னறையில் குடியிருந்தேன். பச்சித்தான் மலைப்பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவன். எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. இங்கே மொஜோசாரியில் வட்டார அலுவலகத்தில் வேலை கிடைத்து, அறை கேட்டு வந்த அன்று, அடையாள அட்டையோடு பட்டச் சான்றிதழையும் எடுத்து இபுவிடம் நீட்டினேன். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். வியந்து பார்க்கிறார் என்று நினைத்து நிமிர்ந்து நின்றேன். விரலால் முத்திரையைத் தடவினார், மறுபக்கம் திருப்பினார், மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார்.

"அச்சு சுத்தமா இருக்கு," என்று திருப்பிக் கொடுத்தார். "ரெண்டு மாசம் இருந்து பாரு தம்பி. அப்புறம் பேசிக்கலாம்."

பிறகுதான் தெரிந்தது, எதையும் அவர் அப்படித்தான் பார்ப்பார் என்று. அது அவருடைய தொழில். கணவர் போன பிறகு வாத்து முட்டைகளைப் பொரிக்கவைத்துக் குஞ்சு விற்றுப் பிழைக்கிறார். நடு அறையில் ஒட்டுப்பலகையில் செய்த பெட்டி, அதற்குள் நான்கு பல்புகள், பல்புகளின் சூட்டில் முட்டைகள். சாயங்காலங்களில் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு முட்டையையும் டார்ச்சின் முன்னால் பிடித்துப் பார்ப்பார். உள்ளே சிவப்பாக நரம்பு ஓடினால் உயிர் இருக்கிறது. வெறும் மஞ்சளாகத் தெரிந்தால் அது முட்டையை உப்பில் ஊறவைத்து விற்கும் கடைக்கு. ரூபாய் நோட்டு, ரேஷன் அட்டை, மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாமே அவர் கையில் முட்டைதான்.

யாரிடமாவது பெரிதாக ஏமாந்திருப்பாரோ என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"ஒரு தடவைகூட ஏமாந்ததில்ல. இப்படி இருக்கறதாலதான் ஏமாறல."

அவருடைய சந்தேகங்களில் மூத்தது பக்கத்து வீட்டு பாக் ஜுமாடி மேல். அந்த வீட்டு மீட்டரும் இந்த வீட்டு மீட்டரும் பொதுச்சுவரில் அருகருகே இருந்தன. அவற்றுக்குக் கீழே கிடந்த மூங்கில் பெஞ்சில் காலையும் மாலையும் காபி டம்ளரோடு பாக் ஜுமாடி உட்கார்ந்திருப்பார். தலைக்கு மேல் புறாக்கூண்டு தொங்கும். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். வாய் சும்மா இருக்காது. இபு கரண்ட் எண்ணை அடிக்க வரும்போதெல்லாம் ஒரு கையில் குடையை விரித்து, பொத்தான்கள் அவர் கண்ணில் படாதபடி மறைத்துக்கொண்டுதான் அடிப்பார்.

"மழையே இல்லையே இபு," என்பார் பாக் ஜுமாடி.

"வரும்," என்பார் இபு.

ஒருமுறை மீட்டர் இபுவின் எண்ணை ஏற்கவில்லை. ஏற்கெனவே பயன்படுத்திய எண் என்று சின்னத் திரையில் காட்டியது. ஒரே எண்ணை மறந்துபோய் இரண்டாம் முறை அடித்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து பாக் ஜுமாடி தன் எண்ணைத் திருட்டுத்தனமாகப் பார்த்து, தன் மீட்டரில் முந்திக்கொண்டு அடித்துவிடுகிறார் என்பது அவருக்கு உறுதியாகிவிட்டது. ஒரு மீட்டருக்கு வாங்கிய எண் இன்னொரு மீட்டரில் செல்லாது என்று நான் எடுத்துச் சொன்னேன். நீ எத்தனை மீட்டரில் அடித்துப் பார்த்தாய் என்று கேட்டார். நான் எதிலும் அடித்துப் பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே வானம் மூட்டமாக இருந்தது. பெட்டிக்குள் முட்டைகள் பொரிக்கும் நேரம். இரண்டு மூன்றில் கீறல் விழுந்திருந்தது. அந்த ஈட்டுக் குஞ்சுகளை ஒரு பண்ணைக்காரருக்குத் தருவதாக இபு சொல்லிவைத்திருந்தார். அவர் இதற்கு முன் யாரிடமும் அப்படி முன்கூட்டி வாக்குக் கொடுத்ததில்லை. பொரிக்கிற நேரத்தில் சூடு போனால் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே அடங்கிவிடும்.

மீட்டரில் கரண்ட் குறைந்திருப்பதைப் பார்த்து, அது கத்துவதற்கு முன்பே கடைக்குப் போனார். கடைக்காரப் பெண் ஏகா கொடுத்த சீட்டில் வழக்கமான ஒரு எண்ணுக்குப் பதிலாக மூன்று வரிகளில் மூன்று எண்கள் இருந்தன. மூன்றையும் வரிசையாக அடிக்க வேண்டும், முதல் இரண்டும் பழைய மீட்டரைப் புதுப்பிக்க, மூன்றாவதுதான் கரண்ட் என்று ஏகா சொல்லியிருக்கிறாள். யார் சொன்னது என்று இபு கேட்டிருக்கிறார். மெஷினில் அப்படித்தான் வருகிறது என்றிருக்கிறாள் ஏகா.

வீட்டுக்கு வந்த இபு சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து மேலே இருந்த இரண்டு வரிகளையும் வெட்டியெடுத்தார்.

"காசு குடுத்தது ஒரு கரண்டுக்கு. மூணு நம்பர் எதுக்கு? நம்ம கரண்ட வேற எங்கயோ இழுத்துவிடற வேலை."

குடையைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது எண்ணை மட்டும் அடித்தார். மீட்டர் ஏற்கவில்லை. நிதானமாக மறுபடி அடித்தார். ஏற்கவில்லை. மெதுவாகத் திரும்பி பெஞ்சைப் பார்த்தார். பாக் ஜுமாடி புறாவுக்குத் தானியம் வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு இருவருக்கும் நடுவில் நிற்கவைத்து, இன்னும் ஒருமுறை அடித்தார்.

மதியத் தொழுகை அழைப்பு முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. சற்று நேரத்தில் மீட்டரில் மிச்சமிருந்த கரண்டும் தீர்ந்து பெட்டிக்குள் பல்புகள் அணைந்தன.

இபு படுக்கையிலிருந்த போர்வைகளையெல்லாம் கொண்டுவந்து பெட்டியைச் சுற்றினார். எங்கள் அலுவலகத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பை நான் பார்த்திருக்கிறேன், முதல் இரண்டு எண்களையும் அடித்தால்தான் மூன்றாவது ஏறும் என்றேன். எப்போது பார்த்தாய், ஏன் இதுவரை சொல்லவில்லை, இதில் உனக்கு இவ்வளவு அக்கறை எதற்கு என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்குப் பட்டதாரியான நான் போர்வை நுனியைச் செருக ஆரம்பித்தேன்.

அப்போது ஜன்னல் கம்பிக்குள்ளே ஒரு ஒயர் நுழைந்தது. அதன் நுனியில் பிளக் செருகும் பெட்டி. வெளியே மழையில் பாக் ஜுமாடி, தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார்.

"இபு, என் வீட்டுலேர்ந்து இழுத்திருக்கேன். நாலு பல்பு தாங்கும். இஸ்திரிப் பெட்டிய மட்டும் செருகிடாதீங்க."

இபு ஒயரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பாக் ஜுமாடி போனதும் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "திருடினது மனசுல குத்துது. அதான் கரண்ட திருப்பிக் குடுக்கப் பாக்கறாரு."

ஒயர் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது.

மின்சார அலுவலகமே சொன்னால்தான் நம்புவேன் என்றார். வாடிக்கையாளர் சேவை எண் மீட்டர் பெட்டியின் மேல் ஒட்டியிருந்தது. ஒட்டியது யார் என்பது அடுத்த கேள்வி. நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைச் சுரண்டி, கீழே வேறு ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு சந்து முனைக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தில் பெயிண்ட்டால் எழுதியிருந்த எண்ணையும் படித்துவிட்டு வந்தார். இரண்டும் ஒன்றுதான். "அவ்வளவு உயரத்துல ஏறி எந்தத் திருடனும் எழுத மாட்டான்," என்று ஒத்துக்கொண்டார்.

என் போனில் கூப்பிட்டோம். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. பிறகு பாட்டு. காத்திருக்கச் சொல்லி ஒரு குரல், மறுபடியும் அதே பாட்டு. போனில் சார்ஜ் குறைந்துகொண்டே வந்தது. இபு போர்வைக்குள் கையை விட்டு கீறல் விழுந்த முட்டையொன்றை எடுத்து, என்னைப் பாட்டை நிறுத்தச் சொன்னார். நிறுத்த முடியாது என்றேன். போனை என் கையால் பொத்தவைத்துவிட்டு, முட்டையைத் தன் காதில் வைத்தார். உள்ளேயிருந்து குஞ்சு ஓட்டைத் தட்டும் சத்தம் கேட்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு முட்டையை வைத்துவிட்டு எழுந்துபோய், ஜன்னலில் தொங்கிய ஒயரை இழுத்து, முட்டைப் பெட்டியின் பிளக்கைச் செருகினார். போர்வையின் இழைகளுக்குள்ளே மஞ்சளாக வெளிச்சம் வந்தது.

"போன் பேசி முடிக்கற வரைக்குந்தான்," என்று என்னிடம் சொன்னார், ஏதோ நான் கேட்டது போல.

அந்த நேரம் பாட்டு நின்று ஒரு பெண் பேசினாள். பெயர் தியா என்றாள். மீட்டர் எண்ணைக் கேட்டாள். இபு போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"மொதல்ல என் பேர் என்னன்னு நீ சொல்லு."

எண்ணைச் சொன்னால்தான் பெயர் தெரியும் என்றாள் தியா. பெயர் தெரியாதவளிடம் எண்ணை எப்படிச் சொல்வது என்றார் இபு. அங்கே மழை பெய்கிறதா என்று கேட்டார். இல்லை, வெயில் அடிக்கிறது, தான் வேறு ஊரில் இருப்பதாக அவள் சொன்னாள். இபு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்: பார்த்தாயா, நம் ஊர் அலுவலகமே இல்லை. மனிதனையோ காகிதத்தையோ வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். ஒரு குரலை எதில் பிடித்துப் பார்ப்பது?

அப்போதுதான் வெளியே அது கேட்டது. கீச், கீச், கீச். எங்கள் மீட்டர் இல்லை. பக்கத்து மீட்டர்.

பாக் ஜுமாடி வீட்டிலும் கரண்ட் தீரப்போகிறது. இருந்த கொஞ்சத்தையும் ஒயர் வழியாக இந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டிருக்கிறார். மழைக்கு மேலாக அது கத்தியது; சந்தில் எவனோ தாளம் போட்டான். பாக் ஜுமாடி வெளியே வந்து தன் மீட்டரை நிமிர்ந்து பார்த்தார். ஒயரைப் பிடுங்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார்.

இபு போனைக் காதில் வைத்தபடியே ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு நாளும் தன் எண்ணைத் திருடி அடித்துக்கொண்டிருந்தவர் வீட்டு மீட்டர் இப்படி ஊரைக் கூட்டாது. இதை அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் பிளாஸ்டர் ஒட்டிய தன் மீட்டரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"இபு, லைன்ல இருக்கீங்களா?" என்றாள் தியா. "மீட்டர் நம்பர் ஒண்ணும் ரகசியம் இல்ல. தெருவுல போற யார் வேணும்னாலும் அத பாக்கலாம். பாதிய மட்டும் சொல்லுங்க, வீட்டு விலாசமும் சொல்லுங்க. மிச்சப் பாதிய நான் சொல்றேன். சரியா இருந்தா நம்புங்க."

இபு பாதியைச் சொன்னார். மீதியைத் தியா சொன்னாள். கணவர் பெயரையும் சொன்னாள். இணைப்பு இன்னும் அவர் பெயரில்தான் இருந்தது. இபு போனை மறு காதுக்கு மாற்றினார். அப்புறம், சரி, சொல்லும்மா என்றார்.

ஏகா சொன்னதையே, நான் சொன்னதையே தியாவும் சொன்னாள். முதல் வரி, இரண்டாம் வரி, பிறகு மூன்றாவது. முதல் இரண்டையும் வாசிக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்று அவள் ஆரம்பிக்கும்போதே என் போன் அணைந்துபோனது.

நான் தலையில் கைவைத்தேன். இபு நேராகச் சமையலறைக்குப் போய் அரிசி டின்னுக்குள் கையை விட்டு, வெட்டியெடுத்த அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஏகா மேல புகார் குடுக்க சாட்சி வேணுமில்ல," என்றார்.

மழையில் நின்று அடித்தார். எண்களை நான் வாசித்தேன். குடையை இருவர் தலைக்கும் மேலாகப் பிடித்திருந்தார். பொத்தான்களை அது மறைக்கவில்லை. மூன்றாவது எண்ணை அடித்து முடித்ததும் திரையில் சரி என்று வந்தது. உள்ளே ஓடிப்போய்ப் பிளக்கைத் தன் சுவருக்கு மாற்றினார். ஒயரைச் சுருட்டி, துணியால் துடைத்து, பாக் ஜுமாடியிடம் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். நன்றி என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. உங்கள் மீட்டர் எண் என்ன என்றுதான் கேட்டார்.

பாக் ஜுமாடி சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தார். "அது எதுக்கு உங்களுக்கு?"

"தெருவுல போறவன்கூட பாக்கலாம். ரகசியம் ஒண்ணும் இல்ல," என்றார் இபு, தியாவின் குரலிலேயே. தானே நிமிர்ந்து பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு ஏகா கடைக்கு நடந்தார்.

திரும்பி வந்தபோது உள்ளே முதல் குஞ்சு வெளியே வந்து, ஈரத்தோடு பல்புக்கு அடியில் தள்ளாடிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே இன்னொரு ஓட்டில் மூக்கு நுனி தெரிந்தது. இபு அதை எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்து சீட்டை நீட்டினார். பாக் ஜுமாடி வாங்கினார், படித்தார், புருவத்தைச் சுருக்கினார்.

"மூணு வரி இருக்கு. ஏதோ மோசடி மாதிரி தெரியுதே."

"மூணையும் வரிசையா அடிங்க பாக். அதான் முறை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னா?"

நான் வாயைத் திறக்கப் போனேன். இபு என்னைக் கையமர்த்தினார். அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன். நனைந்த குடையை மறுபடி விரித்து பாக் ஜுமாடியின் தலைக்கு மேல் பிடித்தார். பிறகு, அவர் என்ன எண் அடிக்கிறார் என்று தன் கண்ணில் படாதபடி, முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.