இன்ஜினுக்கு வைத்த எலுமிச்சம்பழம்

கள்ளக்குறிச்சிக்கு ரயில் வருகிறதோ இல்லையோ, என் வீட்டு மாடி அறையில் தினமும் ஓடுகிறது. மேசைமேல் தண்டவாளம், அதிலிருந்து சக்கரம் வழியாகக் கரண்ட் எடுத்து ஓடுகிற, உள்ளங்கை நீளத்துக்கு ஒரு மின்சார இன்ஜின். பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைக்கிற எனக்கு இது ஒரு பைத்தியம். யாராவது "பொம்மை" என்று சொன்னால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

போன ஆயுத பூஜையின்போது நான் கல்வராயன் மலையில் ஒரு போர்வெல் மோட்டார் வேலைக்குப் போய், மழையில் நாலைந்து நாள் மாட்டிக்கொண்டேன். கடை ஸ்பேனர், பைக் எல்லாவற்றுக்கும் பூஜை போட்ட என் மனைவி இன்ஜினையும் விடவில்லை. உடம்பெல்லாம் குழைத்த சந்தனம், குங்குமம். லாரிக்கு வைக்கிற மாதிரி சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். முழுப்பழம் நுழையவில்லை என்று நறுக்கி வைத்திருக்கிறாள். பூஜையில் வைத்ததை நானே வந்து எடுக்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டாள்.

நான் வந்து பார்த்தால், பித்தளைச் சக்கரமெல்லாம் பச்சைக் களிம்பு, அச்சில் துரு. ரெகுலேட்டரைத் திருப்பிக் கரண்ட் கொடுத்தேன். அசையவில்லை.

பின்னாலேயே வந்த என் அம்மா விடுவாளா?

"நான்தான் சொன்னேனே, அவ கை ராசியில்லாத கைடா. பூஜ போட்டதே நின்னுபோச்சு பாரு."

கல்யாணமானதிலிருந்து இதே பாட்டு. பால் திரிந்தாலும் இவள் கை, மாடு செத்தாலும் இவள் கை. எப்போதும் சிரித்து மழுப்புகிறவள் அன்று சிரிக்கவில்லை.

"நெஜந்தானோ இன்னாவோங்க. இனிமே நான் வௌக்கேத்தல. அத்தையே ஏத்தட்டும்."

அன்று சாயங்காலம் அம்மாதான் விளக்கேற்றினாள். இன்ஜின் போனால் போகிறது, இந்தப் பேச்சை விட்டுவைக்க மாட்டேன் என்று முடிவு செய்தேன். மறுநாள் காலையில் மனைவியை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"நீயே தொடைக்கிற."

"குத்துவௌக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்கட்டுங்களா?"

"அடிப்பாவி! புளிப்புதான்டி இத்தத் தின்னுது, திரும்பவும் புளியா? ஆப்ப சோடா கொண்டா."

சோடாவைத் தண்ணீரில் கரைத்து, காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்தாள். பஞ்சு பச்சையாக வந்தது. நல்ல தண்ணீரில் துடைத்து ஃபேன் காற்றில் காயவைத்தோம். உப்புத்தாள் கேட்டாள். கூடாது, கீறினால் அந்தக் கீறலிலேயே அழுக்கு உட்கார்ந்துகொள்ளும் என்றேன். பள்ளிக்கூட அழிரப்பரால் தேய்த்தாள். சக்கரம் தங்கமாட்டம் வந்தது. அச்சுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

அம்மாவையும் மேலே கூப்பிட்டேன்.

"நீ திருப்புடி."

"வேணாங்க. நின்னுட்டா?"

"மோட்டாரப் பத்தி எனக்குச் சொல்றியா? ஓடும், திருப்பு."

திருப்பினாள். இன்ஜின் ஒரு சாண் ஓடி, இழுத்து இழுத்து நின்றது. அம்மா "ம்" என்றாள்.

அவள் என்னையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. குனிந்து தண்டவாளத்தை விரலால் தடவினாள்.

"இங்கியும் சாறு காஞ்சிக்கினு கீதுங்க."

அழிரப்பரை எடுத்துத் தண்டவாளத்தைத் தேய்த்தாள். மறுபடி திருப்பினாள். இன்ஜின் மேசையைச் சுற்றி வந்தது, நிற்காமல் இன்னொரு சுற்றும் போனது.

"அத்தே, என் கையில ஒண்ணுமில்ல. எலுமிச்சம்பழத்துலதான் இருந்துச்சு."

சாயங்காலம் இவள் விளக்குக்கு எண்ணெய் ஊற்றித் திரி போட்டபோது, தீப்பெட்டியை எடுத்து நீட்டியது அம்மாதான்.