பட்டியலில் நான் எழுதாத பெயர்

முழங்கால் தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் இரண்டு வருடம் இழுத்தடித்தேன். மாற்றுத்திறனாளிகளுக்காகக் குன்னூரில் நான் தொடங்கிய சின்னத் தொண்டு நிறுவனத்தை யாரிடமாவது ஒப்படைத்தாக வேண்டும். போன வருடம் அறங்காவலர்கள் என்னை உட்காரவைத்து, அடுத்து யார் என்று கேட்டே விட்டார்கள். அன்றே மூன்று பேரைக் குறித்தேன்: கோயம்புத்தூரில் சமூகப்பணி படித்த ஓர் இளைஞர், லவ்டேலில் குடியிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, விருப்ப ஓய்வில் வந்த வங்கி அதிகாரி.

மூவருக்கும் போன் செய்து நேர்காணலுக்கு நாள் குறிக்கும் வேலையை என் சக ஊழியையிடம் கொடுத்தேன். அவள் பந்தலூர் எஸ்டேட்டில் பிறந்தவள். சிறுவயதிலேயே போலியோ; இரண்டு கால்களிலும் காலிப்பர் என்கிற இரும்புத் தாங்கி, கையில் ஊன்றுகோல். பன்னிரண்டு வருடமாக என்னோடு இருக்கிறாள்; என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். அவள் மூன்று பேருக்கும் போன் செய்தாள். தேதிகளை ஒரு தாளில் எழுதி என் மேசையில் வைத்தாள்.

அடுத்த வாரம் இருவரும் ஜீப்பில் தேவாலா போனோம். அங்கே கை சரியாக விரியாத ஒரு பெண்ணுக்கு உதவித்தொகை நின்றுபோயிருந்தது. விரல் ரேகை இயந்திரத்தில் பதியவில்லை என்றார்கள். நான் அதிகாரியிடம் கோபப்படத் தயாரானேன். அதற்குள் இவள் அவர் எதிரே உட்கார்ந்து, கண்ணைப் பதிவு செய்யும் கருவியை எங்கிருந்து வரவழைக்கலாம் என்று பேசி, நாளும் வாங்கிவிட்டாள்.

திரும்பும்போது நல்ல மழை. கூடலூர் தாண்டியதும் கேட்டாள்.

"டீச்சர், மூணு பேர எழுதுனீங்களே. என்னைய ஏன் கேக்கலிங்க?"

நான் சொன்னேன்: "அலைச்சல் ஜாஸ்தி இருக்கும்மா. உனக்குக் கஷ்டமேன்னுதான்…"

"இப்ப நாம போயிட்டு வர்றது அலைச்சல் இல்லைங்களா?"

டிரைவர் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினார். அவளே தொடர்ந்தாள்: "பெத்தவங்ககிட்ட என்ன சொல்லிக் குடுக்கறோம்? உங்க புள்ளைக்கு என்ன முடியும்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, அவங்களையே கேளுங்கன்னு. வாரா வாரம் சொல்றோம்."

அந்த வாரம் எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஏற்கெனவே அடுக்கிய ஃபைல்களை மறுபடி அடுக்கினேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தேன். அவளைப் பற்றி நான் ஒருநாளும் கெட்டதாக நினைத்ததில்லை. இந்தப் பொறுப்புக்கு அவளை நினைக்கவே இல்லை. அதுதான் அரித்தது. பட்டியல் எழுதும்போது அவள் அடுத்த மேசையில்தான் இருந்தாள்.

நேராக அவளிடமே போய், "பொறுப்ப நீயே எடுத்துக்கம்மா, நான் டிரஸ்டிங்ககிட்ட சொல்லிக்கறேன்" என்றேன்.

"வேண்டாங்க டீச்சர். மத்தவங்க மாதிரியே என்னையும் கூப்பிட்டுக் கேக்கட்டும். நீங்க குடுத்ததுன்னு ஆகக் கூடாது."

நான்காவதாக அவளும் நேர்காணலுக்கு வந்தாள். பொறுப்புக்கு வந்தால் முதலில் என்ன செய்வாய் என்று ஓர் அறங்காவலர் கேட்டார்.

"ஆபீஸ மாத்துவேனுங்க. ரோட்டுலருந்து பதினேழு படி இறங்கி வரணும். புள்ளைங்கள அம்மாமார் இடுப்புல தூக்கிட்டு வர்றாங்க. மழையில வழுக்குது. நானே ரெண்டு தடவ விழுந்திருக்கேன்."

இரண்டு தடவை விழுந்தது எனக்குத் தெரியாது. அந்த வீட்டை வாடகைக்குப் பிடித்தது நான். ஜன்னலைத் திறந்தால் தேயிலைச் சரிவு தெரிகிறதே என்று ஆசைப்பட்டுப் பிடித்தேன்.

அவளையே தேர்ந்தெடுத்தார்கள். அறங்காவலர்களில் ஒருவர் மட்டும் தயங்கி, தீர்மானத்தில் கையெழுத்துப் போட மறுநாள் வந்தார்.

இப்போது அலுவலகம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், தரைத்தளத்தில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் ஒர்க்‌ஷாப்தான். நான் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு நடத்திவந்த விழாவை அவள் நிறுத்திவிட்டாள். "புள்ளைங்கள மேடையேத்திப் பாவம்னு பாக்க வைக்கறது எனக்குப் பிடிக்கலிங்க" என்றாள். எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அவள் சொன்னது சரிதான். காலை ஒன்பதரைக்கு இன்னமும் செருப்பை மாட்டிக்கொள்கிறேன். வீட்டு கேட் வரை போய், இன்று என்ன காரணம் சொல்லிக்கொண்டு அலுவலகம் போவது என்று யோசித்து நிற்கிறேன்.